கீழே பார்த்த கண்

கல்லாங் ஆற்றோரத்துப் படகுப் பட்டறையைக் கட்டியவன் நான். அதற்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தது சேறும் நண்டும்தான். ஜப்பான்காரன் வந்து பட்டறையைப் பிடுங்கிக்கொண்டான். அவன் போன பிறகு ஆணி ஆணியாகப் பொறுக்கி அதே இடத்தில் மறுபடியும் கட்டினேன். சிராங்கூன் ரோட்டில் மூன்று கடைவீடுகளை எழுப்பினேன். முதல் கடைக்கு அஸ்திவார வானம் தோண்டிய அன்று பக்கத்துக் கடைக்காரர் வாசலில் நின்று சிரித்தார். பின்னாளில் அவருடைய மகனே என் மாடியில் குடியிருந்தான். கோயிலுக்குப் பின்னால் இருக்கிறதே சாப்பாட்டுக் கூடம், அதன் கூரை என் கூரை. பிள்ளைகள் எல்லோரையும் படிக்க வைத்தேன். ஒருத்தி டாக்டர். அவள் எழுதித் தரும் மருந்துச் சீட்டை என்னாலும் படிக்க முடியாது, படித்தவர்களாலும் முடியாது. என் படிப்பு இரண்டாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மழை.

சாயங்காலம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே பெஞ்சியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டிருக்கிற என் வயதுக்காரர்களே, இதைப் படித்துவிட்டுக் கிழவன் அளக்கிறான் என்று சொல்வீர்கள். அளக்கத்தான் செய்கிறேன். என்னிடம் சரக்கு இருக்கிறது, அளக்கிறேன். ஆனால் மேலே சொன்ன எதுவும் என் முதல் வேலை அல்ல. என் முதல் வேலையை நான் ஒன்பது வயதில் செய்தேன். மாதக்கணக்காகச் சிங்கப்பூரில் மாட்டிக்கொண்டு கிடந்த எங்கள் குடும்பக் கப்பலை ஊருக்குக் கிளப்பினேன். எப்படி என்று சொல்கிறேன், கேளுங்கள்.

அப்பாவுக்கு நாகப்பட்டினத்தில் சொந்தமாக ஓர் இரட்டைப் பாய்மரத் தோணி இருந்தது. ஊரார் தோணி என்பார்கள். அப்பா மட்டும் கப்பல் என்பார். எங்களுக்கும் வேறு சொல் வாயில் வரக் கூடாது. தென்மேற்குக் காற்றில் வெங்காயமும் துணியும் ஏற்றிக்கொண்டு பினாங்குக்குப் போய், பாக்கும் பிரம்பும் வாங்கிக்கொண்டு வாடைக்காற்றில் திரும்புவார். அம்மாவின் அண்ணன், எங்கள் மாமா, சிங்கப்பூரில் மாடு வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். அந்த வருஷம் அப்பாவுக்கு என்ன தோன்றியதோ, பெண்டாட்டி பிள்ளைகளைக் கப்பலிலேயே கூட்டிப்போய் மச்சான் வீட்டு வாசலில் இறக்குவதாக ஊரெல்லாம் சொல்லிவிட்டார். சொன்னதற்காகவே அம்மா, அக்கா, நான் மூவரும் ஏறினோம். சிங்கப்பூரில் பத்து நாள் தங்கல், அப்புறம் பினாங்கு, அப்புறம் வீடு. அதுதான் திட்டம்.

பினாங்கு வரை அப்பாவுக்குக் கடல் உள்ளங்கை மாதிரி. அதைத் தாண்டி அவர் வந்ததே இல்லை. கப்பலில் வேலையாட்களுக்குத் தலைவரான தண்டேல் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"முதலாளி, இந்தப் பக்கம் தெரிஞ்ச மலாய்க்காரர் ஒருத்தரை ஏத்திக்குவோம். வழி காட்டுவாரு."

"இத்தனை வருஷம் எனக்கு எவன் வழி காட்டினான்? போங்க தண்டேல், போய்ப் பாயைப் பாருங்க."

சிங்கப்பூர்க் கரை கண்ணுக்குத் தெரிந்த அன்று காலை, நடுக்கடலில் கம்பம் கம்பமாக நட்டு ஒரு மீன் பட்டி தெரிந்தது. கேலோங் என்று இங்கே சொல்வார்களே, அதுதான். கம்பங்களின் மேல் ஒரு குடிசை. அதில் ஒரு மலாய்க்காரர் சம்மணம் போட்டுச் சோறு தின்றுகொண்டிருந்தார். எங்கள் கப்பல் நேரே அவரைப் பார்த்துப் போனது. வாய்க்குக் கொண்டுபோன சோற்றோடு அவர் கை அப்படியே நின்றது இன்றைக்கும் என் கண்ணில் இருக்கிறது. படபடவென்று கம்பங்கள் முறிந்தன. கப்பல் நின்றபோது அப்பா அவரைப் பார்த்து, "கடலுக்கு நடுவுல எவன்யா வேலி போட்டது?" என்று கத்தினார். அந்த மனிதர் பாதிச் சோற்றை எங்கள் பக்கம் நீட்டினார். அவர் பயந்து நீட்டினாரா, அன்பாக நீட்டினாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

கப்பலின் மூக்கில் இடப்பக்கப் பலகை பிளந்து போயிற்று. அதோடு இடக்கண்ணும் போயிற்று.

கண் என்றால் என்னவென்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எங்கள் பக்கத்துத் தோணிகளுக்கு மூக்கின் இரண்டு பக்கமும் கண் உண்டு. இமையையும் வெள்ளையையும் தச்சர் முன்னாலேயே செதுக்கி வைத்துவிடுவார். கருமணியைத் தொட மாட்டார். நல்ல நாள் பார்த்து, குன்றிமணி அளவு பொன்னை உள்ளே வைத்து, அதன் மேல் கருமணியைச் செதுக்குவார்கள். அதற்குப் பெயர்தான் கண் திறப்பு. அதுவரைக்கும் அது மரம். அதற்கப்புறம் அது பார்க்கும். பார்க்காத கப்பலில் எங்கள் ஆட்கள் கால் வைக்க மாட்டார்கள். ஒற்றைக் கண்ணோடு கல்லாங் முகத்துவாரம் வரை வந்ததே, இறங்க வேறு இடமில்லை என்பதால்தான்.

பத்து நாள் மாதங்களாகிவிட்டது. குற்றம் மரத்தின் மேல் இல்லை, அப்பாவின் மேல்தான். மரக்கடையில் செங்கால் என்ற இந்தப் பக்கத்து மரத்தைக் காட்டினார்கள். அப்பா அதைத் தட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். "நம்ம ஊரு மரம் மாதிரி இல்லை" என்று தள்ளிவிட்டார். தேக்கு வரும் என்று ஒருவன் சொல்ல, அதற்காகக் காத்திருந்தார். தீபாவளி போயிற்று. கார்த்திகையும் போயிற்று. கடைசியில் அதே கடையில் அதே செங்கால் மரத்தை வாங்கினார். பின்னாளில் என் பட்டறையில் காலமெல்லாம் நான் அறுத்தது அந்த மரத்தைத்தான். தண்ணீரில் கிடக்க அதைவிட நல்ல மரம் இந்தப் பக்கத்தில் கிடையாது. அப்பாவிடம் அதைச் சொல்லும் வயது எனக்கு வந்தபோது அவர் இல்லை.

எனக்கு அந்த மாதங்கள் ஒவ்வொன்றும் திருவிழா. மாமாவின் கொட்டில் சிராங்கூன் ரோட்டுத் தேக்காவில் இருந்தது. கீழே எருமைகள், மேலே பரணில் நாங்கள். இரவில் பலகை இடுக்கு வழியாக எருமைகளின் மூச்சு வெதுவெதுப்பாக மேலே வரும். தனிக் கம்பளி வேண்டாம். விடிந்தால் ஒரு பக்கம் சுண்ணாம்புக் காளவாய்ப் புகை, மறு பக்கம் அன்னாசி வேக வைக்கும் தொழிற்சாலையின் வாசனை. இரண்டும் நடுவில் எங்கள் வீட்டில்தான் சந்திக்கும். மாமா மூங்கில் குழாயால் பால் அளப்பார். அந்தக் குழாயின் வாயில் பல்லால் கடித்த தடம் ஒன்று இருந்தது. யாருடைய பல் என்று யாருக்கும் தெரியாது. இன்று அந்தக் குழாய் கிடைத்தால் கண்ணாடிப் பெட்டி செய்து வைப்பேன்.

அம்மா தெருக்குழாயைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பார்த்தாள். "அண்ணே, இது தானா வருதா? யாரும் அந்தப் பக்கம் இருந்து ஊத்தலையே?" என்றாள். மின்சார டிராம் ஓட ஆரம்பித்த புதிது. மாமா எங்களை ஏற்றிக்கொண்டு போனார். புயலிலும் கப்பலில் நிற்பவன் இதில் உட்காருவதாவது என்று அப்பா நின்றுகொண்டே வந்தார். டிராம் கிளம்பியதும் ஒரு சீன அம்மாளின் மடியில் இருந்த வாத்துக் கூடையில் போய் உட்கார்ந்தார்.

அக்காவுக்குப் பிடித்தது ஐஸ். ஒரு துண்டை மரத்தூளோடு துணியில் சுற்றித் தன் தகரப் பெட்டியில் பூட்டி வைத்தாள். அத்தை மகனுக்குக் காட்ட வேண்டுமாம். மறுநாள் பெட்டியைத் திறந்தபோது பட்டுப் பாவாடை நனைந்து கிடந்தது.

"யாரோ எடுத்துட்டாங்கம்மா! இவன்தான் தின்னுருப்பான்!"

"இது கரையும்லா," என்றார் மாமா.

"லாவாம் லா. இங்க வந்தவங்க எல்லாம் வாலு மாதிரி இதை ஒட்ட வச்சுக்கறீங்க," என்று அக்கா அவர் மேல் பாய்ந்தாள்.

அந்த அத்தை மகன்தான் அக்காவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. பங்குனியில் ஊரில் கல்யாணம். தைக்குள் கிளம்பினால்தான் பங்குனிக்குப் போய்ச் சேரலாம். மாசியோடு வாடை ஓய்ந்துவிடும். அப்புறம் அடுத்த வாடை வரை காத்திருக்க வேண்டும். அத்தை பொறுமைக்காரி இல்லை. மகனுக்கு வேறு பெண் பார்த்துவிடுவாள் என்று அம்மா நிச்சயமாக நம்பினாள். மாமா நீராவிக் கப்பலில் போகச் சொன்னார். அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது.

"சொந்தக் கப்பல் வச்சிருக்கவன், புகைக் கப்பல்ல டிக்கெட் வாங்கி மகளைக் கட்டிக் குடுக்கப் போனான்னு ஊர்ல பேசவா மச்சான்?"

"அப்ப சொந்தக் கப்பலையாவது ஓட்டுங்கப்பா. இல்லைன்னா நான் நீந்தியே போயிடுவேன்," என்றாள் அக்கா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அன்று சோறு தின்னவில்லை.

கப்பலைக் கல்லாங் சேற்றில் சாய்த்துப் போட்டிருந்தார்கள். பழுது பார்க்க வந்தவர் ஒரு வயதான சீனத் தச்சர். எல்லோரும் அவரை அப்பேக் என்றார்கள், பெரியவர் என்று அர்த்தம். நானும் அப்படியே கூப்பிட்டேன். நாள் முழுக்க அவர் பக்கத்தில் கிடப்பேன். மைக்கயிற்றை இழுத்து விரலால் சுண்டினால் மரத்தில் நேராகக் கறுப்புக் கோடு விழும். சுண்ணாம்பையும் எண்ணெயையும் நாரோடு சேர்த்து உலக்கையால் குத்தி, அந்தப் பசையை மூட்டுகளில் அடைப்பார். அந்த வாசனைக்காகவே நான் பிற்பாடு இந்தத் தொழிலுக்கு வந்தேன் என்று சொன்னால் நம்புங்கள். நான் பேசும் தமிழ் அவருக்குத் தெரியாது, அவர் பேசும் சீனம் எனக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் நடுவில் சந்தை மலாய் இருந்தது. எருமை மேய்க்கிற பையன்களிடம் நான் அதைப் பொறுக்கியிருந்தேன். எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது வராது. மாமாவுக்கு வரும், ஆனால் அவருக்குப் பாலை விட்டு வர நேரமில்லை.

எங்கள் ஆட்களுக்கோ வேலை இல்லை. சும்மா இருக்க முடியாமல் முகத்துவாரத்தில் மீன் பிடித்தார்கள். தின்றது போக மீதியை உப்புப் போட்டுப் பாய்மரக் கயிறுகளில் காயப் போட்டார்கள். கொஞ்ச நாளில் பாய்மரத்திலிருந்து பாய்மரத்துக்குத் தோரணம் கட்டியது மாதிரி கருவாடு தொங்கியது.

தை பிறந்தது. மூக்குப் பலகை தயார். வேலை முடியும் வரை மூக்கை மறைத்துக் கட்டியிருந்த ஓலைப் பாயை அப்பேக் அவிழ்த்தார். யாரும் கேட்காமலே ஒரு முழுக் கண்ணைச் செய்து வைத்திருந்தார். அழகான வேலை. இமை, உருண்டையான வெள்ளை, அதில் பளபளவென்று கருமை. ஆனால் கருமணி வெள்ளையின் அடியில் இருந்தது. பழைய வலக்கண் நேராகப் பார்த்தது. புதிய இடக்கண் சேற்றைப் பார்த்தது.



"முதலாளி, இது எங்க பாக்குது?" என்றார் தண்டேல்.

"கீழ," என்றான் பாய் இழுக்கிற ஆள் ஒருவன்.

"கீழ என்னடா இருக்கு?"

"இப்ப ஒண்ணும் இல்லை. நாம ஏறிப் போனா, கொஞ்ச நாள்ல நாம இருப்போம்."

அவ்வளவுதான். ஆட்கள் ஒவ்வொருவராகத் தங்கள் மூட்டையைக் கப்பலிலிருந்து இறக்கினார்கள். அப்பா அப்பேக்கைத் தமிழில் திட்டினார். அப்பேக் அப்பாவைச் சீனத்தில் திட்டினார். இருவருக்கும் மற்றவர் சொன்னது நன்றாகவே புரிந்தது. அப்பேக் உளிகளைப் பெட்டியில் போட்டுத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கடைசி மூட்டு ஒன்று அடைபடாமல் வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

"திறந்த கண்ணை மறுபடி திறக்க முடியாது முதலாளி. பலகையைக் கழட்டிட்டு வேற பலகைதான் போடணும்," என்றார் தண்டேல்.

"அதுக்கு எத்தனை நாளாகும்?"

தண்டேல் காற்று வரும் திசையைப் பார்த்தார். அவர் பார்த்ததை அக்காவும் பார்த்தாள். அம்மாவின் முந்தானையை எடுத்துத் தன் முகத்தின் மேல் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் அப்பேக்கின் பின்னால் ஓடினேன். ஆற்றோரத்தில் ஒரு கஞ்சிக்காரன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கோபத்தோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கண் ஏன் கீழே என்று கேட்டேன்.

"அப்பேக், கெனாப்பா மாத்தா பாவா?"

அவர் என் காதைப் பிடித்துத் திருப்பி ஆற்றைக் காட்டினார். அங்கே சீனப் படகுகள் நின்றன. எல்லாவற்றுக்கும் கண் இருந்தது. அதை நான் தினமும்தான் பார்த்திருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. வலை கிடந்த படகுகளின் கண்கள் தண்ணீருக்குள் பார்த்தன. மூட்டை ஏற்றிய படகுகளின் கண்கள் நேரே முன்னால் பார்த்தன.

"மாத்தா இக்கான், பாவா," என்றார். மீன் படகின் கண் கீழே. "மாத்தா பாராங், டெப்பான்." சரக்குப் படகின் கண் முன்னே. பிறகு தன் கரண்டியால் எங்கள் கப்பலைக் காட்டினார். மரத்துக்கு மரம் கருவாடு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மீன் படகு இல்லை, அது சரக்குக் கப்பல் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் முதலில் நம்பவில்லை. பிறகு கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தன் நெற்றியில் படாரென்று அடித்துக்கொண்டார். நான் பெட்டியின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, இருவரும் திரும்பி வந்தோம்.

விஷயத்தைச் சொன்னதும் அப்பாவுக்கு இரண்டு மடங்கு கோபம் வந்தது. "என் கப்பலைப் பாத்து மீன் புடிக்கிற படகுன்னானா?"

"ஏங்க, அது மேல தொங்குறதைப் பாத்தா எனக்கே அப்படித்தான் தெரியுது," என்றாள் அம்மா.

ஆட்கள் சிரித்தார்கள். ஒருவன் ஏறிக் கருவாட்டை அவிழ்க்கக்கூட ஆரம்பித்தான். தண்டேல் மட்டும் அசையவில்லை. "தெரியாமச் செஞ்சாலும் செஞ்சதுதான். கண்ணு திறந்தாச்சு. இனி அது பாக்கிற இடத்துக்குத்தான் போகும்." அவர் கெட்ட மனிதர் இல்லை. அவரை நம்பி ஊரில் எத்தனையோ வீட்டில் பெண்களும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் ஏறாவிட்டால் ஒருவனும் ஏற மாட்டான்.

அப்போதுதான் நான் சொன்னேன். யாரும் சொல்லித் தரவில்லை. எங்கிருந்து வந்தது என்றும் தெரியாது. அப்பேக் மைக்கூட்டில் தூரிகையை நனைத்ததை முந்தின நாள் பாய்க்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்த்திருந்தேன், அதனால் வந்திருக்கலாம்.

"தண்டேல் மாமா, அது இன்னும் திறக்கலை. கருமணியைச் செதுக்கினாத்தானே திறக்கும்? அது வெறும் மை. பொன்னும் வைக்கலை. அது தூங்குது மாமா. தூக்கம் வந்தா கண்ணு கீழதான் பாக்கும்."

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். தண்டேல் அந்தக் கையைத் தாண்டி நடந்து, சாரத்தில் ஏறி, கட்டை விரலை நாக்கில் தொட்டுக் கருமணியைத் தேய்த்தார். விரலைத் திருப்பிப் பார்த்தார். கறுப்பு. விரலால் மறுபடி தடவிப் பார்த்தார். வழவழப்பான வெறும் மரம், உளி பட்ட தடம் இல்லை.

"ஆமா," என்றார். "மரந்தான்." பிறகு அவர் சிரித்தார். அந்த மனிதருக்கு முன்பல் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மா தன் கம்மலிலிருந்து ஒரு பொன் குண்டைக் கழற்றிக் கொடுத்தாள். அப்பேக் ஊதுவத்தி கொளுத்தினார், தண்டேல் தேங்காய் உடைத்தார், இருவரும் தங்கள் தங்கள் சாமியைக் கூப்பிட்டார்கள். கருமணி எங்கே வர வேண்டும் என்று கரையில் நின்ற எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. "இன்னும் மேல." "போதும் போதும், வானத்தைப் பாக்கப் போகுது." "இந்தப் பக்கம் கொஞ்சம்." கடைசியில் அக்கா முகத்தின் மேலிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, இடுப்பளவு சேற்றில் இறங்கி, கப்பலின் மூக்குக்கு நேர் எதிரே போய் நின்றாள். "என்னைப் பாக்கட்டும்," என்றாள். அப்பேக் பழைய மையைச் சுரண்டிவிட்டு, அவளைப் பார்த்துக்கொண்டே செதுக்கினார். வாயைப் பிளந்திருந்த மூட்டையும் அடைத்தார்.

அடுத்த பெரிய நீரேற்றத்தில் கப்பல் சேற்றை விட்டு எழுந்தது. ஆட்கள் எல்லோரும் ஏறினார்கள். இந்தத் தடவை ஒரு மலாய்க்காரரும் ஏறினார். வழி காட்டத்தான் வந்தார், ஆனால் அவர் சும்மா துணைக்கு வருகிறார் என்று அப்பா சொல்லிக்கொண்டார். வாடை இன்னும் ஓயவில்லை. பங்குனியில் அக்காவின் கல்யாணம் நாகப்பட்டினத்தில் நடந்தது. நான் மீசை முளைக்கும் வயதில் தனியாகத் திரும்பி வந்தேன், அதுவும் புகைக் கப்பலில். அதற்கப்புறம் நடந்ததுதான் நீங்கள் பார்க்கிற பட்டறையும் கடைகளும்.

இப்போது நியாயத்துக்கு வருகிறேன். கல்யாணப் பந்தலிலேயே அப்பா, "அந்தச் சீனனைக் கூப்பிட்டுக் கண்ணைத் திருப்புடான்னேன், திருப்பினான்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். தண்டேல் வீட்டார் அதைத் தண்டேல் சொன்னதாகச் சொல்கிறார்கள். புக்கிட் மேராவில் இருக்கும் மாமாவின் பேரன், மாமாதான் சொன்னார் என்கிறான். மாமா அந்த நேரத்தில் எருமையின் அடியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருந்தார். அக்காகூட, சாகிற வரைக்கும் என் முகத்துக்கு நேராகவே, "நான்தான்டா உன் காதுல சொன்னேன்" என்று சாதித்தாள். முந்தானைக்குள் இருந்தவள் எப்படிச் சொல்லியிருப்பாள்?

இப்போது அக்காவின் பேரப்பிள்ளைகள் குடும்பக் கதையைப் புத்தகமாக அச்சடிக்கப் போகிறார்களாம். நல்லது. அப்பா சத்தம் போட்டார், அம்மா பொன் கொடுத்தாள், அப்பேக் செதுக்கினார், தண்டேல் தேங்காய் உடைத்தார், அக்கா சேற்றில் நின்றாள். அத்தனையும் எழுதுங்கள், ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் "அது தூங்குது" என்று சொன்னவன் நான். அதற்கு நேராக என் பெயரைப் போடுங்கள். போட்டு, அச்சுக்குப் போகும் முன் என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள். எழுத்துப் பெரிதாக இருக்கட்டும். என் பெயரைப் படிக்கிற அளவுக்கு எனக்குப் படிப்பு இருக்கிறது.